பழைய எண் பதினாறு, புதிய எண் இருபத்தேழு

எங்க நகர்ல யாரு என்ன இனம்ங்கிறது வீட்டு நம்பரைப் பொறுத்தது. பதினாறாம் நம்பர் தெலுங்கு. இருபத்தேழு சீனா. ஒம்பதும் பத்தும் சௌராஷ்டிரா. யாரு குடி வந்தாலும் மூணாம் நாள் விடியக்காலைல அந்த நம்பர் என்னவோ அதுவா ஆயிடுவாங்க. காலி பண்ணிட்டுப் போனாலும் மூணாம் நாள்தான் இறங்கும். குழாய்க் கனெக்‌ஷன் மாதிரி, வீட்டோட சேர்ந்தது.

நான் பொறந்தது கோவில்பட்டிக்குக் கிழக்க. பதினாறாம் நம்பர் வீட்டை வாங்கிக்கிட்டு வந்தப்போ எனக்கு முப்பத்தஞ்சு வயசு. முதல் நாள் பால் காய்ச்சினோம். ரெண்டாம் நாள் ஜன்னலுக்குத் திரை தச்சேன். மூணாம் நாள் காலைல பாத்தா முறத்துல புளிச்சக்கீரையைக் கொட்டி ஆஞ்சுக்கிட்டு இருக்கேன். பல் தேச்சுக்கிட்டு இருந்த என் வீட்டுக்காரரை 'ஏமண்டி'ன்னு கூப்பிட்டேன். அவரு ஷிப்டு வேலைக்குப் போறவரு, வீட்ல தங்குற நேரம் கம்மி. அதனால அவருக்குப் பிடிக்கப் பதினோரு நாள் ஆச்சு. நடுவுல எட்டு நாள் நான் தெலுங்குல சண்டை போடுவேன், அவரு தமிழ்ல பதில் சொல்வாரு. எங்க கல்யாண வாழ்க்கையில அவ்வளவு நிம்மதியான எட்டு நாள் முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல.

ஒண்ணு சொல்லிடறேன். இதெல்லாம் கேட்டுக்கு உள்ள மட்டுந்தான். கேட்டைத் தாண்டித் தெருவுல கால் வச்சா எல்லாருக்கும் தமிழ்தான் வரும். நான் இப்ப தெருவுல நாற்காலியைப் போட்டு உக்காந்துதான் பேசிக்கிட்டு இருக்கேன். இல்லன்னா உங்களுக்கு ஒண்ணும் விளங்காது.

இந்த நகரை மனை பிரிச்சு வித்தவரு ஆண்டியப்பன்னு ஒருத்தரு. வரைபடத்துல பூங்காவுக்கு ஒரு மனை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு மனை, சீனாக்காரருக்கு ஒரு மனைன்னு காட்டினாத்தான் அனுமதி கிடைக்கும்னு சொல்லிட்டாங்களாம். பூங்கா மனையில பிள்ளையார் கோயில் வந்துடுச்சு. பள்ளிக்கூட மனையில ஆண்டியப்பனோட மச்சான் வீடு கட்டிக்கிட்டாரு. சீனாக்காரர் மனை மட்டும் யாரும் கைவைக்காம வரைபடத்துல இருந்தபடியே இருக்கு. அந்த விஷயத்துல எங்க நகர் ரொம்ப ஒழுங்கு.

மொத்தம் நாப்பத்திரெண்டு வீடு. நகருக்குள்ள நுழையற எடத்துல சங்கத்துக்காரங்க பச்சை போர்டு ஒண்ணு வச்சிருக்காங்க. தமிழ் பதினாறு, தெலுங்கு ஏழு, மலையாளம் அஞ்சு, கன்னடம் மூணு, மார்வாடி மூணு, சௌராஷ்டிரா ரெண்டு. அப்புறம் சீனா, ஆங்கிலோ இந்தியன், பர்மா, வங்காளம், மணிப்பூர் எல்லாம் ஒண்ணு ஒண்ணு. கடைசில இதர, ஒண்ணு. பக்கத்துல சதவீதமும் போட்டிருக்கும். அம்பது வருஷமா அந்த போர்டுல ஒரு புள்ளி மாறினது கிடையாது. செத்தவங்க உண்டு, பொறந்தவங்க உண்டு, அமெரிக்கா போனவங்க உண்டு. சதவீதம் அப்படியே நிக்கும்.

சௌராஷ்டிரா வீடு ரெண்டும் வாடகை வீடு. பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை ஆளு மாறும். அதனால இந்தப் பக்கத்துல எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில பத்து பேரு பதினோரு மாசம் சௌராஷ்டிராவா இருந்தவங்களா இருப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்தா லேசா சிரிச்சுக்குவாங்க. எதுக்குச் சிரிக்கிறோம்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்காது.

இதர நம்பர், நாப்பத்திரெண்டு. அதுல பேங்க்ல வேலை பாத்து ஓய்வு வாங்கின தாமோதரன் இருந்தாரு, தனிக்கட்டை. தன்னோட பண்டிகை எதுன்னு அவருக்குத் தெரியாது. எது வந்தாலும் விட்டுப் போயிடக் கூடாதுன்னு வருஷம் முழுக்க வாசல்ல மாவிலை கட்டியிருப்பாரு. காஞ்சா மாத்துவாரு. யாரு வீட்ல பலகாரம் செஞ்சாலும் அவருக்கு ஒரு பங்கு போகும். அவரும் ஏதாவது திருப்பித் தரணும்னு ஒரு டம்ளர் வெந்நீர் குடுத்து அனுப்புவாரு.

நான் சொல்ல வந்தது என் பேத்தி லோசனி கல்யாணத்தை.

லோசனி என் பொண்ணு வயித்துப் பொண்ணு. என்கூடத்தான் பதினாறாம் நம்பர்ல வளந்தா. என்னை அம்மம்மான்னு கூப்பிடுவா, தெலுங்கு வழக்கம். இருபத்தொம்பது வயசாச்சு. இருபத்தேழாம் நம்பர் வடிவாம்பா மகன் பரிதியைத்தான் கட்டிக்குவேன்னு நாலு வருஷமா இருந்தா. பரிதியும் அப்படித்தான். நல்ல பையன். குறைன்னு சொன்னா நடக்கும்போது கீழ பாத்து நடப்பான், அதனால கம்பத்துல முட்டிக்குவான். எங்க தெருவுல ஒவ்வொரு கம்பத்துலயும் அவன் உயரத்துக்கு எண்ணெய்ப் பசை இருக்கும்.

வடிவாம்பாவுக்குச் சொந்த ஊரு மன்னார்குடி. முப்பத்தோரு வருஷம் முன்னாடி இருபத்தேழாம் நம்பருக்கு வந்தா. வந்த மூணாம் நாள் பால் ஊத்தாத டீயைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னா. அவ வீட்டுக்காரரு அதுவரைக்கும் துணிக்கடையில தாவணி கிழிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தவரு, அந்த மாசமே சீனா டாக்டருங்க மாதிரி பல்லு கட்ட உக்காந்துட்டாரு. எனக்கு மேல்வரிசை மொத்தமும் அவரு கட்டினதுதான். இதுவரைக்கும் முறுக்கு கடிக்கிறேன். அவரு போய் ஏழு வருஷம் ஆச்சு, பல்லு இருக்கு.

வடிவாம்பாவுக்கு ஒரே ஒரு பிடிவாதம். மருமக நம்மவங்களாத்தான் இருக்கணும்.

"எங்களவங்க எத்தன பேருக்கா இருக்கோம் இந்த நகர்ல? போர்டைப் பாருங்க, ரெண்டு புள்ளி மூணு எட்டு. இதையும் கலந்து விட்டுட்டா அப்புறம் என்ன மிஞ்சும்?"ன்னு என்கிட்டயே கேட்டா.

நகர்ல இருக்கிற ஒரே சீனா வீடு அவளோடது. அப்படின்னா அவ மகனுக்குப் பொண்ணு அவ வீட்லதான் எடுக்கணும், அவளுக்கு ஒரே மகன். இதை அவகிட்ட யாரும் எடுத்துச் சொல்லலை, அது அவளுக்கும் தெரியும். தரகர் மூலமா கல்கத்தாவுல ஒரு குடும்பத்தைப் பிடிச்சா. அவங்க பொண்ணு போட்டோவை அனுப்பி, உங்க பூர்வீகம் எதுன்னு கேட்டு எழுதினாங்க. இவ இருபத்தேழுன்னு எழுதினா. அவங்க அறுபத்திரெண்டாம். பொருத்தம் இல்லைன்னு ரெண்டு பக்கமும் மரியாதையா விட்டுட்டாங்க.

நான் போய்ப் பேசினேன். கல்யாணம் ஆகி அவ உங்க வீட்டுக்குத்தான வரப்போறா வடிவு, மூணாம் நாள் தானா சீனா ஆயிடுவாளேன்னேன். அது கணக்கு இல்லையாம். தாலி ஏறும்போது என்னவா இருக்காளோ அதுதான் கணக்காம். சரி, முகூர்த்தத்துக்கு மூணு நாள் முன்னாடியே கொண்டாந்து விடறேன்னேன். தாலி ஏறாத பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வாசப்படியை மிதிக்கலாமான்னு கேட்டா. அதுவும் நியாயந்தான். மிதிக்கக் கூடாது.

அதுக்கு மேல நான் ஏதாவது கேட்டா, ஒரு அடி பின்னால வச்சு கேட்டுக்குள்ள போயிடுவா. உள்ள இருந்துக்கிட்டு 'பூ ஷிங்'னு ஒரு வார்த்தை சொல்வா. எனக்குப் புரியாது. முகத்தைப் பாத்தா முடியாதுன்னு தெரியும். பதில் சொல்லப் பிடிக்கலைன்னா பின்னால ஒரு அடி வைக்கிறது எங்க நகர்ல எல்லாருக்கும் உள்ள வழக்கம். சீட்டுக் கட்டாதவங்க மாசக் கடைசில தெருவுக்கே வர மாட்டாங்க.

அம்மாவை மீறி வேண்டாம்னு பரிதி இருந்தான். வடிவாம்பா அத்தை தன் கையால ஆரத்தி எடுக்காம அந்த வீட்டுக்குள்ள போறதில்லைன்னு லோசனி இருந்தா. நாலு வருஷம் இப்படியே போச்சு. நானும் எழுபத்தஞ்சைத் தொடப் போறேன். இதைப் பாத்துட்டுப் போனாப் போதும்னு இருந்தேன்.

அந்த வருஷம் ஆனி மாசம் நகராட்சியிலருந்து ஒரு கடிதாசு வந்தது. இதுவரைக்கும் வடக்குலருந்து எண்ணினோம், புது ரோடு தெற்கால வந்துட்டதால இனிமே தெற்குலருந்து எண்ணுவோம்னு போட்டிருந்தது. ஒண்ணாம் நம்பர் நாப்பத்திரெண்டு ஆகும். நாப்பத்திரெண்டு ஒண்ணு ஆகும். ரெண்டு நாப்பத்தொண்ணு.

சங்கச் செயலாளர் தணிகாசலம், அவரு அஞ்சாம் நம்பர், மார்வாடி, கூட்டம் போட்டாரு. யாரும் பதறாதீங்க, நம்பர் நாப்பத்திரெண்டும் அப்படியேதான் இருக்கும், போர்டுல ஒரு எழுத்து மாத்த வேண்டாம், ஆளுங்கதான் மாறுவீங்கன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க.

லோசனி கூட்டத்துலயே விரலை விட்டு எண்ணிட்டா. பதினாறு இருபத்தேழாகுது. என் பக்கம் குனிஞ்சு, அம்மம்மா நாம சீனா ஆகப் போறோம்னு காதுல சொன்னா. அவ முகத்தை நாலு வருஷத்துல நான் அப்படிப் பாத்ததில்ல. மறுபாதியை எண்ண அவளுக்கும் தோணலை, எனக்கும் தோணலை.

பெயிண்டர் வர்றதுக்கு முந்தின வாரம் ஊரே பாத்திரம் மாத்திக்கிச்சு. தன் நம்பர் எந்த வீட்டுக்குப் போகுதோ அந்த வீட்ல கொண்டுபோய் சாமானைக் குடுக்கிறது. முப்பத்தொண்ணுல இருந்த மிஸஸ் டோரத்தி தன் பியானோவை நாலு ஆளு வச்சுத் தூக்கிக்கிட்டுப் பன்னெண்டாம் நம்பருக்குப் போனாங்க. கூடவே நடந்து போய், எந்தக் கட்டை கொஞ்சம் ஒட்டும்னு தொட்டுக் காட்டிட்டு வந்தாங்க. நான் ஆவக்காய் ஜாடியைத் துடைச்சு வடிவாம்பா வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அவ மூங்கில்ல பின்னின ஆவிச்சட்டி மூணு அடுக்கைக் குடுத்தா. குடுக்கும்போது சட்டியைத் தடவிக் குடுத்தா. நான் ஜாடியைத் தடவிக் குடுத்தேன். அப்பவாவது எங்களுக்கு உறைச்சிருக்கணும்.

பெயிண்டர் வந்தான். பழைய நம்பரைச் சுண்ணாம்பால அழிச்சுட்டு மேல புது நம்பர் எழுதினான். மூணாம் நாள் காலைல லோசனி என்னை 'வைப்போ'ன்னு எழுப்பினா, சீனாவுல அம்மம்மாவாம். நான் அவளுக்கு என்னமோ ஒரு மாவு உருண்டையை ஆவில வேகவச்சுக் குடுத்தேன். நல்லா வந்திருந்தது. அவ சாப்பிட்டுட்டு, தலை வாரிக்கிட்டு, நேரா எதிர்சாரியில வடிவாம்பா வீட்டுக் கேட்டுக்கு முன்னாடி போய் நின்னா.

வடிவாம்பா வெளிய வந்தா. நெத்தில பெருசா குங்குமம். கையில புளிச்சக்கீரை.

"ஏம்மா லோசனி, நாங்க தெலுங்காச்சேம்மா இப்போ. எங்களவங்க எங்களவங்களுக்குள்ளதான் செய்வோம்"னா. கோவமா சொல்லலை. பாவமாத்தான் சொன்னா.

போன வாரம் வரைக்கும் நாங்க தெலுங்குதான வடிவுன்னு நான் போய்க் கேட்டேன். போன வாரம் சொல்லியிருந்தீங்கன்னா யோசிச்சிருக்கலாம்னா. போன வாரம் நீ சீனாடின்னேன். அவ ஒரு அடி பின்னால வச்சு உள்ள போய், 'குதரதக்கா'ன்னா. முப்பத்தொம்பது வருஷம் பேசின பாஷை. அன்னைக்கு எனக்கு ஒரு எழுத்து புரியலை.

இதுல இன்னொண்ணு. சீனாவா இருந்தவரைக்கும் அவளுக்குப் பொண்ணு கிடைக்கலை. தெலுங்குக்கு ஏழு வீடு. ஒரே வாரத்துல இருபதாம் நம்பர்ல ஒரு பொண்ணைப் பாத்துட்டா. நல்ல பொண்ணு, டீச்சர். ஆறு நாள் முன்னாடி வரைக்கும் மலையாளம். அடுத்த வெள்ளிக்கிழமை பூ வைக்கிறதுன்னு நாள் குறிச்சாச்சு.  பரிதி கம்பத்துல முட்டிக்கிறது ஜாஸ்தியாச்சு.

நகர்ல மத்தவங்களுக்கும் அவங்கவங்க பாடு இருந்தது. ஒண்ணாம் நம்பர் முத்தையனார், தெருவுல யாரு தப்பாத் தமிழ் பேசினாலும் நிறுத்தி வச்சுத் திருத்துவாரு. அவரு இதர ஆயிட்டாரு. மூணாம் நாள் காலைலருந்து வாசல்ல உக்காந்து யாரு போனாலும் தலையை மட்டும் ஆட்டினாரு. தாமோதரன் தமிழ் ஆயிட்டாரு. அன்னைக்கு ஆனி மாசம் செவ்வாக்கிழமை. அவரு வாசல்ல அடுப்பு வச்சு, பானை கட்டி, பொங்கல் பொங்கினாரு. தை வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னாரு. நாங்க எல்லாரும் போய்ச் சாப்பிட்டோம். இந்தத் தடவை அவரு வெந்நீர் குடுக்கலை.

லோசனி ரெண்டு நாள் படுத்தே கிடந்தா. மூணாம் நாள் எழுந்து வெளிய வந்து நாற்காலியில உக்காந்தா. அப்போ தபால்காரர் பக்கிரிசாமி சைக்கிளை நிறுத்திட்டுத் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாரு. பதினாறுக்கு ஒரு கவர், இருபத்தேழுக்கு ஒரு கவர். எது பழைய பதினாறு, எது புதுப் பதினாறுன்னு அவருக்குத் தெரியலை. லோசனி ரெண்டு கவரையும் வாங்கி ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டு நகராட்சிக்குக் கிளம்பிட்டா.

அங்க போய் ஒரு மனு குடுத்திருக்கா. புது நம்பர் மட்டும் எழுதினதால தபால் மாறிப் போகுது, எல்லா ஊர்லயும் எழுதுற மாதிரி பழைய எண், புதிய எண் ரெண்டையும் சுவத்துல எழுதணும்னு. அங்க இருந்த அதிகாரி படிச்சுட்டு, ஆமா அதுதான முறை, அழிச்சது எங்க தப்புதான்னு ஒத்துக்கிட்டாராம்.

செவ்வாக்கிழமை பெயிண்டர் மறுபடியும் வந்தான். எங்க வீட்ல பழைய எண் பதினாறு, புதிய எண் இருபத்தேழுன்னு எழுதினான். வடிவாம்பா வீட்ல பழைய எண் இருபத்தேழு, புதிய எண் பதினாறு. சாயந்திரம் வரைக்கும் நாப்பத்திரெண்டு வீட்லயும் எழுதிட்டு, தாமோதரன் குடுத்த சுண்டலைச் சாப்பிட்டுட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலைல நான் எந்திரிச்சு அடுப்பைப் பத்த வச்சேன். இடது பக்க அடுப்புல பப்புக்குப் பருப்பு வெந்தது. வலது பக்கம் ஆவிச்சட்டி. வாயில ரெண்டு பாஷையும் வந்தது. லோசனி என்னை எதுன்னு கூப்பிடறதுன்னு கொஞ்சம் யோசிச்சுட்டு, அம்மம்மான்னு ஆரம்பிச்சு வைப்போன்னு முடிச்சா.

தணிகாசலம் சதவீதத்தை மறுபடி கூட்டிப் பாத்தாரு. ஒவ்வொரு வீடும் ரெண்டு தடவை வந்ததால மொத்தம் எரநூறு சதவீதம் வந்தது. அப்படியே போர்டுல எழுதிட்டாரு. பக்கத்து நகர்க்காரங்க ரோட்ல நின்னு பாத்துட்டுப் போனாங்க. அவங்ககிட்ட நூறுதான் இருக்கு.

வடிவாம்பாவுக்கு அன்னைக்குக் காலைலயே விஷயம் தெரிஞ்சு போச்சு. இருபதாம் நம்பர் பொண்ணு இப்போ பழைய மலையாளம், புதிய தெலுங்கு. இவங்க பழைய சீனா, புதிய தெலுங்கு. பாதிதான் ஒத்துப்போகுது. ஆள் அனுப்பி வெள்ளிக்கிழமை பூ வைக்கிறதை நிறுத்திட்டா. அந்த டீச்சர் பொண்ணுக்கும் அது நிம்மதிதான். அவ மனசுல இருபத்தொண்ணாம் நம்பர் பையன் இருந்தான், அது வேற கதை. அந்தப் பையன் ஒரு நாய் வச்சிருந்தான், நாய்க்கு மட்டும் நம்பர் ஏறவே இல்ல. அது எப்பவும் போலக் குரைச்சுது.

நான் தலையை முடிஞ்சுக்கிட்டு வடிவாம்பா வீட்டுக்குப் போனேன். லோசனி கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டா. பரிதி அவங்க வீட்டு ஜன்னல்ல நின்னான்.

பாத்தியா வடிவு, இப்போ நாங்களும் நீங்களும் ஒண்ணு, ரெண்டு பேருமே தெலுங்கு, ரெண்டு பேருமே சீனா, இனிமே என்ன சொல்லப் போறேன்னு கேட்டேன். அவ வழக்கம் போல ஒரு அடி பின்னால வச்சு உள்ள போனா. குதரதுன்னா. முடியாதுன்னு எனக்குப் புரிஞ்சுது. பூ ஷிங்னா. அதுவும் புரிஞ்சுது. நானும் உள்ள போயிட்டேன். பின்னால வைக்க அவளுக்கு வேற அடி இல்ல.

உக்காந்தா. முந்தானையை முறுக்கினா. அப்புறம் தெலுங்குல ஆரம்பிச்சு சீனாவுல முடிச்சா. நான் தமிழ்ல சொல்றேன்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கக்கா. தெலுங்கும் சீனாவும் சேர்ந்த ஜனம் உலகத்துலயே இந்த ரெண்டு வீடுதான். ஒரு ஜனத்துல ரெண்டே வீடுன்னா அது அண்ணன் தம்பி வீடு. நீங்க பங்காளி, நாங்க பங்காளி. பங்காளிக்குள்ள எப்படிக்கா கல்யாணம் பண்றது? பரிதிக்கு லோசனி தங்கச்சி முறையாகுது."

 அவ சொன்னதுல தப்பில்ல. ஜன்னல்ல நின்ன பரிதி உள்ள திரும்பிட்டான். வெளிய போய் லோசனிகிட்ட சொன்னேன். அவ அழலை. முறை தெரியற வரைக்கும் அவனைப் பாக்கிறது சரியில்லைன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்குள்ள போயிட்டா. ரெண்டு நாள் ரெண்டு பேரும் தெருவுல எதிரெதிரா வந்தா சுவத்தைப் பாத்துக்கிட்டு நடந்தாங்க. நாலு வருஷம் வேற இனமா இருந்தப்போகூடப் பேசிக்கிட்டு இருந்த பிள்ளைங்க.

அந்த ரெண்டு நாளும் நான் முறையையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க கோவில்பட்டிப் பக்கம் என் பெரியப்பா ஒருத்தரு இருந்தாரு, எந்தச் சொந்தத்தையும் மூணு சுத்துல முறை சொல்லிடுவாரு. ஒரு தடவை கிணத்துல விழுந்த ஒருத்தனைத் தூக்கும்போது, முதல்ல நீ எனக்கு என்ன முறைன்னு கேட்டு, மச்சான்னு தெரிஞ்ச பிறகுதான் கயித்தை உள்ள விட்டாரு. பங்காளியா இருந்தா நிலத் தகராறு இருக்குமாம். அவரை நினைச்சுக்கிட்டு அடுப்பு முன்னாடி நின்னேன். வலது அடுப்புல ஆவிச்சட்டி. வடிவாம்பா குடுத்தது. அந்த நேரம் அவ அடுப்படிப் பலகையில என் ஊறுகாய் ஜாடி இருக்கும்.

அடுப்பை அணைச்சுட்டு நேரா போனேன். அவ கோலம் போட்டுக்கிட்டு இருந்தா. அவளை எந்திரிக்க விடலை. நானும் குத்த வச்சு உக்காந்தேன்.

"பங்காளி என்னடி பண்ணுவான் வடிவு?"

"பாகம் பிரிப்பான்."

"நாம எதைப் பிரிச்சோம்? நான் என் தெலுங்கை முழுசா உனக்குக் குடுத்தேன். நீ உன் சீனாவை முழுசா எனக்குக் குடுத்த. குடுத்து எடுக்கிறவன் பங்காளியா, சம்பந்தியா?"

 அவ கையில இருந்த கோலப் பொடி விரல் நடுவுல வழிஞ்சு ஒரு சின்னக் குவியல் ஆச்சு. பிரிச்சா பங்காளி, மாத்திக்கிட்டா மாமன் மச்சான். இதை அவளால மறுக்க முடியாது. மன்னார்குடில பொறந்தவளும் மறுக்க மாட்டா, இருபத்தேழாம் நம்பரும் மறுக்காது, பதினாறும் மறுக்காது. அப்படிப் பாத்தா ரெண்டு குடும்பத்துக்கும் ஏற்கெனவே குடுத்து வாங்கின சம்பந்தம் இருக்கு. லோசனி பரிதிக்கு மாமன் மக முறை. கட்டலைன்னாத்தான் தப்பு.

"அப்போ இவ்வளவு நாளா எம்மவனுக்கு முறைப்பொண்ணை எதுக்கா வீட்ல வச்சிருந்தீங்க?"ன்னு என்னைக் கேட்டா. குரல்ல நிஜமான கோவம். எனக்கும் வெக்கமாப் போச்சு. தப்புதான் வடிவுன்னேன்.

ஆவணில முகூர்த்தம். வடிவாம்பா தன் கையால ஆரத்தி எடுத்தா, லோசனிக்கு ஒரு தடவை தெலுங்குக்கு, ஒரு தடவை சீனாவுக்கு. முத்தையனார் வந்து தலையை ஆட்டி வாழ்த்தினாரு. பழைய எண்ணுக்கு அவருக்குத் தமிழும் திரும்பி வந்திருந்தது, ஆனா தலையாட்டல் அவருக்குப் பிடிச்சுப் போச்சு.

புதுசாக் கட்டிக்கிட்டவங்க தனியா இருக்கட்டும்னு, எங்க மொட்டை மாடில ஒரு ரூமும் சமையக்கட்டும் எழுப்பினோம். தனிக் குடித்தனம்னா தனி நம்பர் வேணும்னு நகராட்சியிலருந்து வந்தாங்க. நம்பர் எல்லாம் தீந்து போச்சு, அடுத்தது இதுதான்னு நாப்பத்திமூணு எழுதிட்டுப் போனாங்க. தணிகாசலம் ஆண்டியப்பனோட பழைய வரைபடத்தை விரிச்சுத் தேடினாரு. நாப்பத்திமூணுக்கு ஒண்ணும் எழுதலை. எதுக்கும் போர்டுல ஒரு வரி காலியா விட்டுட்டு வந்தாரு.

மூணாம் நாள் காலைல மாடிலருந்து ஒரு வாசனை வந்தது. எது வதங்குதுன்னு என்னால சொல்ல முடியலை, ஆனா நல்ல பசி எடுத்துது. லோசனி படி இறங்கி வந்து என்னை ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டா. அந்த பாஷைல அது எனக்கு உண்டான வார்த்தைன்னு தெரிஞ்சுது, திரும்பினேன்.

ஒம்பதாம் நாள் தெருமுனையில நாலு பஸ் வந்து நின்னுது. பெரியவங்க, சின்னவங்க, கைக்குழந்தைங்கன்னு முந்நூறு பேருக்கு மேல இருக்கும். எல்லாரும் நாப்பத்திமூணாம் நம்பர் ஜனம். ரொம்பத் தூரத்துலருந்து வர்றாங்களாம், பூர்வீகத்தைப் பாக்கணும்னு பரம்பரை பரம்பரையா ஆசையாம். வரிசையா மாடிக்குப் போய்ச் சமையக்கட்டைத் தொட்டுக் கும்பிட்டாங்க. படி குறுகல், ஒருத்தர் இறங்கின பிறகுதான் இன்னொருத்தர் ஏறணும், நான் கீழ நின்னு பாத்துக்கிட்டேன். லோசனி கால்லயும் பரிதி கால்லயும் எல்லாரும் விழுந்தாங்க. வடிவாம்பா ஒவ்வொருத்தரா நிறுத்தி என்ன முறைன்னு விசாரிச்சு, எல்லாருமே நம்மவங்கதான்னு என்னைப் பாத்துச் சிரிச்சா. உலை வைக்க அவளும் வந்துட்டா.

கடைசியா ஒரு பெரியவரு, தொண்ணூறு வயசு இருக்கும், ரெண்டு பேரு கைத்தாங்கலாப் பிடிச்சுக்கிட்டு ஏத்தினாங்க. லோசனியோட கொள்ளுப்பேரனாம். அவளைப் பாத்ததும் கண்ணு கலங்கி, ஒரு தடவை மடியில உக்காரணும்னு கேட்டாரு. லோசனி புடவையைச் சரி பண்ணிக்கிட்டு மடியைக் காட்டினா. கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு, கொஞ்சம் கனமாத்தான் இருக்கான்னு என்கிட்ட சொன்னா.